அக்கரைக்கு வந்துபோகும் இலக்கியம்

கொஞ்சக் காலமாகவே நமது சஞ்சிகைகளில் ஒரு வகைக் கட்டுரை பெருகிக்கொண்டு வருகிறது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. 'அக்கரைக் கட்டுரை' என்று நான் வைக்கிறேன். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஓர் இலக்கியவாதி நூல் வெளியீட்டுக்காகத் திருகோணமலை நகருக்கு வருவார். மறுநாள் இரவு ரயில்தான். பகல் முழுவதும் சும்மா கிடக்கும். உள்ளூர் அன்பர் ஒருவர் வேன் பிடித்துக் கொடுப்பார். சீனக்குடாவைத் தாண்டி, கிண்ணியாப் பாலத்தின் நடுவில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார். அப்பால் ஒரு கடையில் பிளேன்ரீ, ஒரு சட்டி எருமைத் தயிர். சுனாமி எதுவரை வந்தது என்று கேட்பார். யுத்தத்தைப் பற்றி ஒன்றிரண்டு கேள்வி. மஃரிபுக்கு முன்னர் வேன் திரும்பிவிடும். அடுத்த இதழுக்குக் கட்டுரை தயார். அதில் கடல் இருக்கும், பள்ளிவாசல் மினாரா இருக்கும், 'துயரம் உறைந்த முகங்கள்' கட்டாயம் இருக்கும். தயிரின் சுவைக்கென்று தனியாக ஒரு பந்தி இருக்கும். இந்த ஊரில் எழுதுகிற ஒரேயொரு ஆளின் பெயர்கூட இருக்காது.

நான் மூதூரில் பிறந்தவன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இப்போது கிண்ணியாப் பக்கத்துக் கிராமப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். ஆக, மேற்படி கட்டுரைகளில் வரும் 'அக்கரை'யின் இரண்டு முனைகளும் எனக்கு வீடு. இவ்வகைக் கட்டுரைகளை வாசித்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் மரியாதை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வந்தவர்கள் விருந்தாளிகளாம், விருந்தாளியின் குறையைப் பேசலாகாதாம். இந்த நியாயத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. விருந்தாளி என்பவர் வீட்டுக்குள் வந்து, ஒரு நேரமாவது உட்கார்ந்து சாப்பிட்டு, வீட்டாரின் பெயரைக் கேட்டறிந்து போகிறவர். வாசலில் நின்று கூரையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு வேறு பெயர் உண்டு.

எங்கள் கரைக்கு வந்த பிறத்தியாரில் உலகறிந்தவர் றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரத்தை இழந்த கப்பலைத் திருத்துவதற்காகத் தகப்பனும் மகனுமாகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் மறு வருடமே இறந்துபோனார். மகன் 19 வருடங்களுக்கு மேல் இந்த நாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் தன் புத்தகத்தை வெளியிட்டார். அவர் எழுதியதில் பிழைகள் இருக்கலாம். அந்நியன் பார்வை என்று நாம் குறைசொல்லலாம். ஆனால் 19 வருடம் இருந்துவிட்டு எழுதினார். நம்மவர்கள் பத்தொன்பது நிமிடம் இருந்துவிட்டு எழுதுகிறார்கள். (நொக்ஸைப் போல இவர்களையும் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று எனது பாடசாலையின் கணித ஆசிரியர் சொல்வார். அவருக்கு இலக்கியம் பிடிக்காது.)

பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம் அதுதான். சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி என்று அடுத்தடுத்த நீர்களுக்கும் பாலங்கள் வந்தன. அதற்கு முன்னர் மூதூரிலிருந்து திருமலைக்குப் போவதென்றால் லாஞ்சியில் ஏறிக் குடாவைக் குறுக்கறுக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வாடைக் காலத்தில் லாஞ்சி ஓடினால் ஓடும். தரைவழியென்றால் ஒவ்வொரு நீரிலும் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பிரசவ வலியெடுத்த பெண்களை இந்த நீர்களின் கரையில் வைத்துக்கொண்டு துஆ ஓதிய குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே பாலத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். அதை யாரும் எங்களுக்குக் கவிதையில் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லாஞ்சிக் காலத்தில் மூதூருக்கு வந்த ஒருவர் திரும்பிப்போக அடுத்த லாஞ்சி வரைக்கும் காத்திருந்தேயாக வேண்டும். பின்னேர லாஞ்சி தவறினால் இரவு தங்கத்தான் வேண்டும். தங்கினால் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டால் பேச்சு. பேச்சு நீண்டால் வாப்பாவோ மாமாவோ பெட்டியைத் திறந்து தான் எழுதிவைத்த பைத்தையோ பாட்டையோ எடுத்துக் காட்டுவார். லாஞ்சியின் சிரமம் விருந்தாளியை எங்களிடம் கட்டிப்போட்டது. பாலம் வந்த பிறகு எவரும் தங்க வேண்டிய தேவை இல்லை. மட்டக்களப்புக்குப் போகிறவர் எங்களைத் தாண்டியே போய்விடலாம், போகிறார்கள். நகரத்துக்கும் எங்களுக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பாலம் இல்லாமலாக்கிவிட்டது என்று அக்கரைக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் தவறாமல் எழுதுகின்றன. வண்டிகளுக்கு அது உண்மை. இலக்கியக்காரருக்கு எங்களைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதுவதற்கு அது வசதி செய்து கொடுத்திருக்கிறது. இதுதான் எனது குற்றச்சாட்டு.

சென்ற வருடம் வந்த ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். எனது மாணவர்கள் நாலைந்து பேர் கடைத்தெருவில் அவர்களைக் கண்டு, எழுத்தாளர்கள் என்று அறிந்து, ஓடிவந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் வாயோயாமல் பேசினார்கள். ஒருவன் தான் எழுதும் கதையைச் சொன்னான், களப்பில் மட்டி பொறுக்கும் தன் உம்மாவைப் பற்றியது. இன்னொருவன் சஞ்சிகைக்குக் கதை அனுப்ப எவ்வளவு முத்திரை ஒட்ட வேண்டும் என்று கேட்டான். வந்தவர்களில் மூத்தவர், "தம்பிமார், சுனாமிக்கு உங்கட வீட்டில யாரும் மௌத்தானாங்களா?" என்று கேட்டார். 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வந்த கட்டுரையில் 'அக்கரைச் சிறுவர்களின் ஆழ்ந்த மௌனம்' என்று ஒரு வரி இருந்தது. வகுப்பில் அதை வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்து முடிக்க அரைப் பாடவேளை போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மட்டிக் கதை இன்றைக்கும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. கேட்டு வாங்கிப் போக எவருக்கும் தோன்றவில்லை.

இதையாவது அசட்டை என்று விட்டுவிடலாம். குறிஞ்சாக்கேணி விடயத்தை அப்படி விட முடியாது.

2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதிய பாலத்துக்கான வேலை முடியாமல் கிடந்த காலம். இரும்பு மிதவைமேல் பலகை அடித்து இழுத்துச் செல்லும் 'பாதை'யில்தான் சனம் குறிஞ்சாக்கேணி நீரைக் கடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகும் நேரம். பாதை கவிழ்ந்தது. அன்றைய தினமே ஆறு ஜனாஸாக்கள், அவர்களில் நால்வர் பிள்ளைகள். பாடசாலைச் சீருடையோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

ஒரு கிழமைக்குள் கவிதைகள் வந்துவிட்டன. என் கைக்கு எட்டியவையே ஒரு டசினுக்கு மேல். சிறகொடிந்த வண்ணத்துப்பூச்சிகள், கருகிய மொட்டுகள், நனைந்த புத்தகப் பைகள். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டுக்கு அனுதாபம் சொல்வதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அக்கவிதைகளில் பெரும்பாலானவை ஒரே விளியில் தொடங்கின: கடலே! கொடுங்கடலே! பசி தீராக் கடலே! சகோதரர்களே, குறிஞ்சாக்கேணியில் கடல் இல்லை. அது களப்பு. இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் காது கேட்கும். அந்த இடத்துக்கு ஒரு தடவையாவது வந்தவர் அப்படி எழுத மாட்டார்.

இடப்பிழைதானே, உணர்வு முக்கியம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த இடப்பிழை என்ன செய்தது என்று பாருங்கள். கடலென்றால் இயற்கை. இயற்கையென்றால் கத்ர். அழுதுவிட்டுப் போகலாம். களப்பென்றால் கேள்வி வரும். மாற்றுவழி செய்யாமல் பாலத்தை அகற்ற உத்தரவிட்டவர் யார்? அந்த மிதவையில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று தீர்மானித்தவர் யார்? பிள்ளைகளுக்கு மிதவை அங்கி ஏன் இல்லை? எங்கள் ஊர்ச் சனம் அன்றைக்கே வீதியில் இறங்கி இக்கேள்விகளைக் கேட்டது. கவிஞர்கள் தண்ணீரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு வாயில்லை, பதவியுமில்லை. அதனோடு வழக்காடுவதில் ஆபத்து எதுவுமில்லை. கையாலாகாத ஒரு மரபை நாம் 'இரங்கற்பா' என்று அழகான பெயரிட்டு வளர்த்து வருகிறோம் என்பது எனது அபிப்பிராயம். 2004இல் கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் அடித்துக்கொண்டு போனபோது கடலை விளித்தோம். அப்போது அது பொருந்திற்று. பதினேழு வருடம் கழித்து அதே வாய்பாட்டைக் களப்புக்கும் ஒப்புவிக்கிறோம்.

இன்னொன்று. அந்தக் கவிஞர்களில் யார் பிறகு வந்து, அந்தப் பாதையில் தப்பிய பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள்? அப்பிள்ளைகள் இப்போது உயர்தர வகுப்புகளிலும் வெளியிலுமாக இருக்கிறார்கள். தண்ணீரைக் கடந்து பாடசாலைக்குப் போவதென்றால் என்னவென்று எழுத அவர்களைவிடத் தகுதியானவர் யார்? அவர்களுக்கு ஒரு நாள் எழுத்துப் பட்டறை நடத்த எந்த வட்டமும் இதுவரை முன்வந்ததாக நான் அறியவில்லை. இரங்கற்பாக்களைத் தொகுதியாக்கும் பேச்சு மட்டும் என் காதுக்கு வந்தது.

அடுத்தது கூட்டங்கள். திருகோணமலை மாவட்ட இலக்கியக் கூட்டம் என்று அழைப்பிதழ் வரும். மண்டபம் எப்போதும் நகரத்தில். மாலை நான்கு மணி என்று அச்சிட்டிருக்கும். ஐந்துக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பதிதி உரை, பிரதம அதிதி உரை, பொன்னாடை. கவியரங்கத்தில் எங்கள் பக்கத்துப் பெண் கவிஞரின் பெயரை அழைக்கும்போது மணி ஏழரை. அவர் அப்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார், கூடவே தம்பியோ மகனோ. மறுநாள் செய்தியில் 'சில கவிஞர்கள் சமுகமளிக்கவில்லை' என்று வரும். இப்படித் தொடர்ந்து நாலு தடவை 'சமுகமளிக்காத' ஒருவர் எழுதுவதையே விட்டுவிட்டார். நல்ல கவிதைகள் எழுதியவர். முஸ்லிம் பெண் எழுத்து ஏன் வளரவில்லை என்று நமது வட்டங்களில் கருத்தரங்குகள் நடக்கின்றன. மார்க்கம் தடையா, சமூகம் தடையா என்று ஆய்வுக் கட்டுரைகள் வாசிக்கிறார்கள். பஸ் நேரசூசியை ஒருதரம் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

'அங்கே மண்டபம் இல்லை, வாசகர் இல்லை, கூட்டம் போட்டால் யார் வருவார்?' என்பது வழக்கமான பதில். மண்டபம் இல்லை என்பது பொய். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிற ஊர்கள் இவை. வாசகர் இல்லை என்பதற்கு எனது பதில் இதுதான். எங்கள் பாடசாலை நூலக அலுமாரியில் இந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் இருக்கின்றன. மூலைகள் மடிந்து, அட்டை கிழிந்து, திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டதன் அடையாளங்களோடு இருக்கின்றன. கொழும்பில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் பிரதிகளில் அப்படி எத்தனை இருக்கும்?

இனி எங்கள் பக்கம் திரும்புகிறேன். நகரத்தாரை மட்டும் கண்டித்துவிட்டு நிறுத்தினால் நண்பர்கள் கைதட்டுவார்கள். கைதட்டல் எனக்கு வேண்டாம். இந்தக் குடாவைச் சுற்றி வாழ்பவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. கிண்ணியாவுக்கு அருகே ஆலங்கேணியும் ஈச்சந்தீவும் இருக்கின்றன. மூதூரிலிருந்து கட்டைபறிச்சானைத் தாண்டினால் சம்பூர். தெற்கே கிளிவெட்டி, அதற்கப்பால் சேருவில. எல்லாம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்வரும் தூரம். மீன் வாங்க, மாடு பார்க்க, நெல் வெட்ட நமது சனம் தினமும் போய்வருகிறது. வியாபாரி போகிறான், கூலியாள் போகிறான். நமது எழுத்தாளர் போவதில்லை. கொழும்புக்காரர் எங்களைப் பார்ப்பதுபோலத்தான் நாங்கள் சம்பூரைப் பார்க்கிறோம்: அதுவுமொரு 'அக்கரை'.

2006ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டது. ஓகஸ்ட் முற்பகுதியில் புலிகள் மூதூருக்குள் வந்தார்கள். இரு பக்கத்துச் செல்லுக்கும் நடுவே பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஒடுங்கியிருந்த முஸ்லிம்கள் பிறகு உடுத்த உடையோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். நானும் நடந்தேன். அதைப் பற்றி நம்மவர் எழுதியவை கணிசமானவை. நல்லவையும் உண்டு. அதே நாட்களில், ஓகஸ்ட் 4ஆந் திகதி, மூதூரில் வைத்துத் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதைப் பற்றி நம்மவர் எழுதிய ஒரு கவிதைகூட என் கண்ணில் படவில்லை. செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போயிற்று. நாங்கள் சில வாரங்களில் வீடு திரும்பினோம். சம்பூர்ச் சனம் தங்கள் காணிக்குப் படிப்படியாகத் திரும்பத் தொடங்கியது 2015இல். ஒன்பது வருடம் அவர்களில் பலர் எங்கள் பக்கத்திலேயே, கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் இருந்தார்கள். ஒரே பருவத்தில் ஒரே பற்றுக்குள் நடந்த இரண்டு இடப்பெயர்வுகள். இரண்டுக்கும் எழுத்து இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வாசித்ததில்லை.

சாதாரண தர விடைத்தாள் திருத்தும் நிலையத்தில் ஒரு தமிழ் ஆசிரியரைச் சந்தித்தேன். சம்பூர்க்காரர். பத்து நாள் அடுத்தடுத்த கதிரை. கடைசி நாள் ஒரு சீ.ஆர். கொப்பியைத் தந்து, "மாஸ்டர், நேரமிருந்தால் பாருங்கோ" என்றார். முகாமில் இருந்த காலத்தில் எழுதியவை. ஒரு கவிதை முழுவதும் அவருடைய வளவுக் கிணற்றைப் பற்றியது. எத்தனை முழம், எந்தப் பக்கத்துக் கல் பெயர்ந்தது, கப்பி எப்படிச் சத்தமிடும் என்று மறந்துபோகாமலிருக்கக் குறித்துவைத்ததைப் போல எழுதியிருந்தார். கந்தளாயில் ஒரு பாடசாலை மண்டபத்தில் படுத்துக்கொண்டு என் சாச்சா வீட்டுத் திறப்பைத் தலைமாட்டில் வைத்திருந்தது எனக்கு நினைவு வந்தது. நான் 2006இல் எழுதிய கொப்பியை அவருக்குக் கொடுத்தேன். அதற்காகச் சம்பூருக்கு நானே போனேன். இரவு அங்கேயே தங்கினேன். அவருடைய அம்மா எனக்குத் தொழுவதற்குப் புதிய பாய் ஒன்றை விரித்துவிட்டு, "கிழக்கு மேற்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். கிணற்றையும் பார்த்தேன். காடு பிடித்துத் தூர்ந்து கிடந்ததைத் திரும்ப இறைத்திருக்கிறார்கள். கப்பி புதிது.

நாங்கள் யாருக்கு உரிமை கொண்டாடுகிறோம் என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். 'தோணி' எழுதிய வ. அ. இராசரத்தினம் மூதூரவர், என்னைப் போல ஆசிரியர். இந்தக் கடலோரத்து மனிதரையும் சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஏழையையும் ஈழத்துச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர். அவரை வாசிக்காமல் இந்தக் குடாவை யாரும் அறிய முடியாது. 2001இல் மறைந்தார். மூதூரின் முஸ்லிம் எழுத்தைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் அவர் வருவதில்லை, ஏனெனில் அவர் முஸ்லிமல்ல. அவரில்லாமல் மூதூரின் முஸ்லிம் எழுத்து எங்கேயிருந்து முளைத்தது? வானத்திலிருந்தா? அடுத்த வீட்டாரின் பெயரை நாமே அழித்துவிட்டு, கொழும்புக்காரர் நமது பெயரைப் போடவில்லை என்று கோபிக்கிறோம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சஞ்சிகையின் அடுத்த இதழ் அறிமுகம் நகரத்தில் என்று கேள்விப்பட்டேன். மூதூரில் வையுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஒன்பது என்றால் ஒன்பது. லுஹருக்கு முடித்துவிடலாம். பொன்னாடை வேண்டாம். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரமே வந்துவிட வேண்டும். இரவுக்கு வீடுகள் இருக்கின்றன. எத்தனை பேர் என்று முன்கூட்டி அறிவித்தால் போதும். மட்டிக் கதை எழுதிய பையன் வாசிப்பான். பஸ் பிரச்சினை இல்லாதபடியால் பெண் கவிஞர்களும் வருவார்கள். சம்பூர் ஆசிரியரிடம் பேசிவிட்டேன், கொப்பியோடு வருகிறார். கடல் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பின்னேரம் நேரம் ஒதுக்கலாம்.